முள் துள்ளும் அந்த ஒரு கணம்

"டீச்சர், எங்க கல்வனோமீட்டர் கெட்டுப்போச்சு. வேற ஒன்னு கொடுங்க."

ஆய்வுக்கூடத்தில் படிவம் 5 மாணவி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய குழு எல்லாவற்றையும் சரியாகத்தான் இணைத்திருந்தது. கம்பிச்சுருளின் இரண்டு முனைகளும் கல்வனோமீட்டருடன் இணைக்கப்பட்டிருந்தன. சுருளுக்குள் ஒரு சட்டக் காந்தம் இருந்தது. ஆனால், முள் பூஜ்யத்திலேயே நின்றது. இருப்பதிலேயே பலமான காந்தத்தைத் தேடி எடுத்து உள்ளே வைத்தார்கள். பலனில்லை. இரண்டு காந்தங்களைச் சேர்த்து வைத்தார்கள். அப்போதும் பூஜ்யம்தான்.

நான் வேறு கருவி கொடுக்கவில்லை. "காந்தத்தை வெளியே எடும்மா. எடுக்கும்போது உன் கையைப் பார்க்காதே, முள்ளைப் பார்" என்றேன். எடுத்தார். முள் ஒரு பக்கமாகத் துள்ளிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. மறுபடியும் காந்தத்தை உள்ளே விட்டார். இந்த முறை முள் எதிர்ப்பக்கம் துள்ளியது. பிறகு மீண்டும் பூஜ்யம்.

கருவி கெடவில்லை. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காந்தம் உள்ளே சும்மா இருக்கும்போது மின்னோட்டம் இல்லை. போகும்போதும் வரும்போதும் மட்டுமே இருக்கிறது. ஏன்?

மாணவர்களே, உங்கள் பாடநூலில் 'அருஹான் எலெக்ட்ரோமேக்னெட்' என்று இருப்பதைத்தான் தமிழில் மின்காந்தத் தூண்டல் என்கிறோம். அந்தப் பாடம் முழுவதும் இந்த 'ஏன்' என்ற ஒரே கேள்வியின்மேல் நிற்கிறது. சூத்திரங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

அடுத்த அறைக்கு நடந்துபோன விஞ்ஞானி

1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரத்தால் காந்தத் தன்மையை உண்டாக்க முடியும் என்று தெரிந்ததும், பல விஞ்ஞானிகள் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியுமா?

அவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த கொலடோன். 1825இல் அவர் ஒரு சுருளையும் பலமான காந்தத்தையும் எடுத்துக்கொண்டார். காந்தம் நேரடியாகக் கல்வனோமீட்டரின் ஊசியை இழுத்துவிடக் கூடாதே என்று மிகவும் கவனமாக இருந்தார். அதனால் நீண்ட கம்பி போட்டு, கல்வனோமீட்டரை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தார். பிறகு நடந்துபோய் முள்ளைப் பார்த்தார். பூஜ்யம்.

அவர் நடந்து சேர்வதற்குள் முள் துள்ளி, திரும்பி, ஓய்ந்துவிட்டது! கவனமாக இருந்ததே அவருக்கு எதிராகப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு நண்பர் நின்று முள்ளைப் பார்த்திருந்தால், இன்று நம் பாடநூலில் வேறு பெயர் இருந்திருக்கலாம்.

ஆறு ஆண்டுகள் கழித்து லண்டனில் மைக்கேல் ஃபாரடே அந்தக் கணத்தைப் பிடித்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். 1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பிச்சுருள் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்தார். மற்றதற்கு அருகில் காந்த ஊசி இருந்தது. மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி அசைந்தது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்தபோது ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்த கணத்தில் மறுபடியும் அசைந்தது, எதிர்த்திசையில்.

அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, அவர் சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் எடுத்தும் பார்த்தார். நம் மாணவி செய்த அதே சோதனைதான். அக்டோபர் 28ஆம் தேதி, ஒரு செப்புத் தட்டைக் காந்தத் துருவங்களுக்கு இடையில் சுழற்றித் தொடர்ச்சியாக மின்னோட்டம் பெற்றார். உலகின் முதல் மின்னாக்கி அதுதான்.

எண்ணிப் பார்த்தால் புரியும்

காந்தத்தைச் சுற்றிப் புலக்கோடுகள் இருப்பதாக வரைகிறோம் அல்லவா? இப்போது சுருளின் வளையங்களுக்குள் எத்தனை கோடுகள் நுழைந்து செல்கின்றன என்று கற்பனையில் எண்ணுங்கள். காந்தம் தூரத்தில் இருக்கும்போது 5 கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். காந்தம் உள்ளே வந்ததும் 50 கோடுகள். இந்த எண்ணிக்கையைத்தான் காந்தப் பாயம் என்கிறோம்.

மின்சாரம் கேட்பது '50 கோடுகள் இருக்கின்றனவா?' என்ற கேள்வியை அல்ல. '5 எவ்வளவு வேகத்தில் 50 ஆனது?' என்பதைத்தான் அது கேட்கிறது. மாற்றம் 45 கோடுகள். அரை விநாடியில் மாறினால் விநாடிக்கு 90. மெதுவாக 5 விநாடியில் மாறினால் விநாடிக்கு 9 மட்டுமே. முதல் தடவை முள் நன்றாகத் துள்ளும். இரண்டாவது தடவை லேசாக நகரும். காந்தம் உள்ளேயே இருந்தால் 50 என்பது 50ஆகவே இருக்கிறது. மாற்றம் பூஜ்யம், முள்ளும் பூஜ்யம்.

ஃபாரடேயின் விதி இதைத்தான் சொல்கிறது: தூண்டப்படும் மின்னியக்கு விசை, காந்தப் பாயம் மாறும் வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சுருளில் வளையங்களின் எண்ணிக்கை கூடினால் விசையும் கூடும். காந்தம் பலமாக இருந்தாலும் கூடும். ஆனால், மாற்றம் இல்லையென்றால் எவ்வளவு பலமான காந்தமும் வெறும் இரும்புத் துண்டு மாதிரிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபாரடேயின் இரும்பு வளையச் சோதனையில் எந்தப் பொருளும் நகரவில்லை. மின்கலத்தை இணைத்ததால் காந்தப் புலம் உண்டானது, துண்டித்ததால் மறைந்தது. ஆகவே தூண்டலுக்கு அசைவு கட்டாயம் இல்லை. மாற்றம்தான் கட்டாயம்.

உங்கள் பணப்பையில் ஒரு சுருள்

நம் ஜோகூரில் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ விடிவதற்கு முன்பே எழுந்து, கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அக்கரையில் பேருந்து ஏறும்போது ஓர் அட்டையைக் கருவியில் காட்டுகிறார்கள். 'பீப்' என்று சத்தம் வருகிறது. இக்கரையில் ஸ்கூடாய் டோல் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைக் காட்டினாலும் அதே 'பீப்'. அந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. பிறகு உள்ளே இருக்கும் சில்லுக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது?

அட்டையின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. இருட்டான அறையில் அட்டையின் பின்னால் பிரகாசமான டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சில அட்டைகளில் அந்தச் சுருள் நிழலாகத் தெரியும். டோல் கருவிக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்கு 13.56 மில்லியன் சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் புலம் இரண்டு முறை திசை மாறும். அதாவது ஒரே விநாடியில் 27 மில்லியன் தடவைக்கு மேல்! நம் மாணவி கையால் ஒரு தடவை செய்ததை, அந்தக் கருவி அத்தனை தடவை செய்கிறது. அட்டையின் சுருளுக்குள் காந்தப் பாயம் ஓயாமல் மாறுகிறது. மின்சாரம் பிறக்கிறது. சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது.

அட்டையைச் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோக வேண்டியதற்கும் காரணம் இதுதான். சுருளைவிட்டு விலக விலக, அந்தக் காந்தப் புலம் மிக விரைவாகக் குறைந்துவிடும். காரின் கண்ணாடியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி வில்லை மட்டும் சில மீட்டர் தூரத்திலேயே படிக்கப்படுகிறதே என்று கேட்பீர்கள். அது வேறு முறை. அங்கே ரேடியோ அலைகள் பயணம் செய்து வில்லையை அடைகின்றன.

வீட்டில் செய்து பாருங்கள்: விழத் தயங்கும் காந்தம்

தேவையானவை: ஏர்கோன் பொருத்தும் கடையில் மிச்சமாகும் செப்புக் குழாய்த் துண்டு ஒன்று (அகலமானதாகக் கேளுங்கள்), குழாய்க்குள் தாராளமாக நுழையும் நியோடைமியம் காந்தம் ஒன்று, அதே அளவுள்ள சாதாரண இரும்புத் துண்டு ஒன்று.

முதலில் காந்தத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாது. செம்பு காந்தத்தால் கவரப்படாத உலோகம். இதை உறுதி செய்துகொண்ட பிறகு, குழாயைச் செங்குத்தாகப் பிடித்து இரும்புத் துண்டை உள்ளே போடுங்கள். உடனே கீழே விழும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை விநாடிகூட ஆகாது. அடுத்துக் காந்தத்தைப் போடுங்கள். அது தேனில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால், எதிலும் ஒட்டாமல் தயங்கித் தயங்கிப் போவது தெரியும்.

செப்புக் குழாய் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கனமான அலுமினியத் தட்டைச் சாய்த்துப் பிடித்துக் காந்தத்தை வழுக்கி விடுங்கள். பிளாஸ்டிக் பலகையில் வழுக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பீர்கள். ஓர் எச்சரிக்கை: நியோடைமியம் காந்தங்களைத் தம்பி, தங்கைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இங்கே என்ன நடக்கிறது? காந்தம் விழும்போது குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் காந்தப் பாயம் மாறுகிறது. குழாயின் சுவருக்குள் வட்டமாகச் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, விழும் காந்தத்தைத் தடுக்கிறது. ஒருவேளை தடுக்காமல் உதவி செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காந்தம் இன்னும் வேகமாக விழும். வேகம் கூடினால் மின்னோட்டம் கூடும். அது மேலும் உதவி செய்யும். செலவே இல்லாமல் ஆற்றல் வளர்ந்துகொண்டே போகும். இயற்கையில் அப்படி இலவசம் எதுவும் இல்லை. ஆற்றல் அழியாமை விதி அதை அனுமதிக்காது. தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்று 1834இல் லென்ஸ் வகுத்த விதியின் பொருள் இதுதான்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதிலும் இதே சுழல் மின்னோட்டம்தான். அடுப்புக்குள் இருக்கும் சுருள் காந்தப் புலத்தை வேகமாக மாற்றுகிறது. பாத்திரத்தின் அடியில் மின்னோட்டம் சுழன்று, பாத்திரமே சூடாகிறது.

சுவிட்சைத் தட்டினால் பொந்தியானில் என்ன நடக்கும்?

ஜோகூர் மாநிலத்தில், பொந்தியான் மாவட்டத்தின் கடலோரத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் இருக்கிறது. தலா 700 மெகாவாட் திறன் கொண்ட மூன்று மின்னாக்கிகளும், 1,000 மெகாவாட் திறன் கொண்ட இன்னொன்றும் அங்கே உள்ளன. நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். டர்பைனுடன் மின்காந்தமும் சுழல்கிறது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் பெரிய சுருள்களில் காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டின் மாறுதிசை மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவங்கள் கொண்ட மின்காந்தம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால்தான் விநாடிக்கு 50 சுற்று கிடைக்கும். 3,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்.

இப்போது செப்புக் குழாயை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் வீட்டில் ஏர்கோன் சுவிட்சைத் தட்டியதும், மின்நிலையத்தின் சுருள்களில் கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது. லென்ஸ் விதிப்படி, அந்த மின்னோட்டம் சுழலும் மின்காந்தத்தை எதிர்க்கிறது. மின்னாக்கியைச் சுழற்றுவது சற்றே கடினமாகிறது. வேகம் குறையாமல் இருக்கக் கூடுதல் நீராவி தேவை. அதற்குக் கூடுதல் நிலக்கரி எரிய வேண்டும். ஒரு வீட்டின் ஏர்கோன் மிகச் சிறிய சுமைதான். ஆனால், வெயில் கொளுத்தும் மதியத்தில் தீபகற்பம் முழுவதும் ஏர்கோன் ஓடும்போது, அந்த எதிர்ப்பு எவ்வளவு பெரிதாகும் என்று நினைத்துப் பாருங்கள். டைனமோ பொருத்திய பழைய சைக்கிளை மிதித்தவர்களைக் கேளுங்கள். விளக்கை எரிய விட்டதும் மிதிப்பது கனத்துவிடும் என்பார்கள். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா திட்டுவதற்குப் பின்னால் லென்ஸ் விதியும் இருக்கிறது!

ரவாங் சுரங்கத்திலிருந்து உங்கள் வீடுவரை

நம் நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? பத்துமலை முருகன் கோயிலோடு பெயர் சேர்ந்தே நினைவுகூரப்படும் கா. தம்புசாமிப் பிள்ளைதான் அவர். 1894இல் அவரும் லோக் இயூவும் சிலாங்கூரின் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தை இயக்க மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். மலாயாவில் மின்னுற்பத்தி நடந்ததற்கான முதல் பதிவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஃபாரடேயின் முள் அசைந்து அப்போது 63 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்தச் சுரங்கத்துக்கு வேண்டிய மின்சாரம் அங்கேயே உற்பத்தியானது. இன்றோ பொந்தியானில் பிறக்கும் மின்சாரம் வெகுதூரம் பயணம் செய்ய வேண்டும். அதற்குத்தான் மின்மாற்றி. ஒரு கணக்குப் போடுவோம். 100,000 வாட் திறனை ஒரு கம்பிவழி அனுப்ப வேண்டும். கம்பியின் மின்தடை 0.5 ஓம்.

250 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 400 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வரும். 400 × 400 × 0.5 = 80,000 வாட். ஐந்தில் நான்கு பங்கு வழியிலேயே போய்விட்டது!

25,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 4 ஆம்பியர் மட்டுமே. 4 × 4 × 0.5 = 8 வாட். வீணாவது அவ்வளவுதான்.

அதனால்தான் நம் தேசிய மின்கட்டமைப்பில் 132, 275, 500 கிலோவோல்ட் கம்பிகள் பெரிய கோபுரங்கள்மேல் செல்கின்றன. உங்கள் தாமானுக்கு அருகில் உள்ள மின்மாற்றிகள் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, 230 வோல்ட்டாக வீட்டுக்குத் தருகின்றன. அந்த மின்மாற்றியின் உள்ளே இருப்பது என்ன? ஓர் இரும்பு உள்ளகம், இரண்டு சுருள்கள். ஃபாரடே 1831இல் சுற்றிய வளையத்தின் பேரப்பிள்ளைதான் அது. முதன்மைச் சுருளுக்கு மின்கலத்தைக் கொடுத்தால், இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே துணைச் சுருளில் மின்சாரம் வரும். மாறுதிசை மின்னோட்டம் கொடுத்தால் மாற்றம் ஓய்வதில்லை. அதனால் மின்சாரமும் ஓய்வதில்லை.

மின்மாற்றி வேலிக்குள் என்றும் நுழையாதீர்கள். உங்கள் சோதனைகளுக்கு டார்ச் விளக்கின் மின்கலம் போதும். வீட்டு மின்சாரம் ஒருபோதும் வேண்டாம்.

விடைத்தாளில் நான் காணும் தவறுகள்

"காந்தம் சுருளுக்குள் இருப்பதால் மின்னோட்டம் உண்டாகிறது." தவறு. காந்தப் பாயம் மாறுவதால், அல்லது கம்பி புலக்கோடுகளை வெட்டுவதால் என்று எழுதுங்கள்.

"தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தத்தை எப்போதும் தள்ளும்." தவறு. அது மாற்றத்தைத்தான் எதிர்க்கும். வட துருவம் நெருங்கினால் சுருளின் அந்த முனை வட துருவமாகித் தள்ளும். வட துருவம் விலகினால் அதே முனை தென் துருவமாகி இழுக்கும்.

"ஏற்று மின்மாற்றி திறனை அதிகரிக்கிறது." தவறு. மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் குறையும். உள்ளே கொடுத்ததைவிடக் கூடுதல் திறன் வெளியே வராது.

இந்த மூன்று தவறுகளையும் செய்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். முள்ளைப் பார்க்காமல் படித்தவர்கள். சோதனையை ஒரு தடவை கையால் செய்து பார்த்தவர் முதல் தவறைச் செய்து நான் கண்டதில்லை.

இப்போது உங்கள் முறை

இரண்டு கேள்விகள் தருகிறேன். விடையை முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள்.

ஒன்று: கல்வனோமீட்டருடன் இணைத்த சுருளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகிறீர்கள். சுருளுக்குள் காந்தம் இருக்கிறது. பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முள் அசையுமா?

இரண்டு: இந்தக் கேள்வி என்னுடையது அல்ல. அதே மாணவி அடுத்த வாரம் காந்தத்தைக் கையால் நுழைக்காமல், செங்குத்தாகப் பிடித்த சுருளுக்குள் மேலிருந்து போட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், முள்ளு முதல்ல ஒரு பக்கம் போகுது, அப்புறம் மறுபக்கம் போகுது. ரெண்டாவது தடவை கொஞ்சம் அதிகமா துள்ளுற மாதிரி இருக்கே, ஏன்?" என்று கேட்டார்.

இந்த முறை அவர் வேறு கருவி கேட்கவில்லை. நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்?